ஒரே பெயரில் இரண்டு ஏடுகள்

நம் கல்லூரியின் ஆசிரியர் ஓய்வறையில் தமிழ்த்துறைக்கும் புவியியல் துறைக்கும் சேர்த்து ஒரே மேசை. இட நெருக்கடியால் வந்த ஏற்பாடுதான். ஆனால் பத்துப் பதினைந்து ஆண்டுகளாக அந்த மேசையில் காதில் விழுந்தவை, நாம் முறையாகப் பாடம் கேட்டவற்றுக்கு எவ்வகையிலும் குறைந்தவை அல்ல. சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு பிற்பகல், புவியியல் துறை நண்பர் தம் மடிக்கணினியை நம் பக்கம் திருப்பி, "தமிழையா, உங்கள் சரக்கு ஒன்று எங்களிடம் வந்து மாட்டியிருக்கிறது, பாருங்கள்" என்றார். திரையில் இரண்டு கோப்புகள். இரண்டுக்கும் எழுத்துப் பிசகாமல் ஒரே பெயர். ஒரே நிலையம், ஒரே நாள். ஒன்றை ஒரு தரவு மையத்திலிருந்தும் மற்றதை வேறொரு மையத்திலிருந்தும் இறக்கியிருந்தார். உள்ளே இருந்தது மட்டும் ஒன்றாக இல்லை.

"பாடபேதம்" என்றோம்.

"அதற்குத்தான் சார் கூப்பிட்டேன்" என்றார்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். நண்பரிடம் ஆய்வு செய்யும் மாணவி ஒருவர், வெளிநாட்டு ஆற்றுப் படுகை ஒன்றில் நிற்கும் செயற்கைக்கோள் நோக்கு நிலையத்தின் உயரம் நாள்தோறும் எவ்வாறு மாறுகிறது என்று கணக்கிட்டு வந்தார். ஓராண்டுக் கோட்டில் ஓரிடத்தில் மட்டும் பதினொரு நாள் தரை சில சென்டிமீட்டர் தாழ்ந்து, பன்னிரண்டாம் நாள் பழைய உயரத்துக்கே திரும்பியிருந்தது. அந்த நாட்களில் அங்கே வெள்ளம். வெள்ளத்தின் பாரத்தால் தரை தாழ்வது கற்பனை அல்ல. 2017-இல் ஹார்வி புயல் ஹூஸ்டன் பகுதியில் கொட்டிய நீரின் எடையால் அங்கே நிலம் இரண்டு சென்டிமீட்டர் வரை அமுங்கியதை இத்தகைய நிலையங்களே காட்டிக்கொடுத்தன. மாணவி மகிழ்ந்துபோய் ஒரு பக்கம் எழுதியும் விட்டார். நண்பருக்கு மட்டும் ஒரு நெருடல். நீர் வடிய வடியத் தரை மெல்ல அல்லவா எழ வேண்டும், ஒரே இரவில் எப்படி எழுந்தது? அதே நாட்களின் கோப்புகளை இன்னொரு மையத்திலிருந்து வரவழைத்துக் கணக்கிட்டார். அதில் தரை தாழவே இல்லை.

கடிதம் எழுதிக் கேட்டதில் நடந்தது தெரிய வந்தது. நிலையத்தில் பழைய ஆண்டெனாவை எடுத்துவிட்டுப் புதிய வகை ஒன்றைப் பொருத்தியிருக்கிறார்கள். கோப்பின் தலைப்பில் ஆண்டெனாவின் பெயரை மாற்றி எழுத மறந்துவிட்டார்கள். ஆண்டெனாவுக்கு ஆண்டெனா, அலையை வாங்கும் புள்ளியின் உயரம் வேறுபடும். பெயர் தவறானால் உயரமும் தவறாகும். பதினொரு நாள் கழித்துத் தவற்றைக் கண்டு, பதினொரு கோப்புகளையும் திருத்தி, இரண்டு மையங்களுக்கும் மறுபடி அனுப்பினார்கள். அன்றைக்கு ஒரு மையத்தின் சர்வர் படுத்திருந்தது. (வழங்கி என்று எழுதச் சொல்லி நண்பர்கள் கோபிக்கலாம், வழங்காமல் கிடக்கும்போது அதை எப்படி வழங்கி என்பது?) திருத்தம் மற்ற மையத்துக்கு மட்டும் போய்ச் சேர்ந்தது. சர்வர் எழுந்த பின், விட்டுப்போனவற்றை அனுப்பும் நிரல், இந்தப் பெயரில் கோப்பு ஏற்கெனவே இருக்கிறதா என்று மட்டும் பார்த்தது. இருந்தது. பேசாமல் தாண்டிப் போய்விட்டது. எந்த நிலையம், எந்த மையங்கள் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். எவருக்கும் நேரக்கூடியது இது. கேட்டதும் ஒப்புக்கொண்டு சரிசெய்தும் விட்டார்கள்.

நோக்கு நிலையங்களின் தரவு, சர்வர் முடங்கும் வேளையில் எவ்வழியாகப் போய்ச் சேர வேண்டும் என்பது பற்றி அத்துறையினர் நிறையவே யோசித்திருக்கிறார்கள். சர்வர் எழுந்த மறுநாளைப் பற்றித்தான் போதிய அக்கறை இல்லை என்பது நம் கட்சி. முடக்கம் அரை நாளில் தீர்ந்துவிடுகிறது. அது விட்டுச்செல்லும் இரட்டைப் படிகள் ஆண்டுக்கணக்கில் கிடக்கின்றன. இதைச் சொல்லத் தமிழாசிரியனுக்கு என்ன உரிமை என்று கேட்கலாம். ஒரு நூலுக்குப் பல படிகள் இருந்தால் என்னென்ன நேரும் என்பது நம் துறையின் அன்றாடக் கவலை. அந்த உரிமைதான்.

நிலையம் என்றதும் பெரிய கட்டடத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். பாறையில் ஊன்றிய ஒரு தூண் அல்லது உறுதியான கட்டடத்தின் மேற்கூரை, அதன்மீது ஒரு தட்டையான ஆண்டெனா, கீழே ஒரு பெட்டிக்குள் ரிசீவர், மின்கலம், இணைய இணைப்பு. அவ்வளவே. அமெரிக்காவின் ஜி.பி.எஸ்., ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ எனத் தலைக்குமேல் இருபதாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் கோள்களின் அலைகளை அது ஓயாமல் வாங்கிக் குறித்துக்கொண்டிருக்கும். வழக்கமான நாள்கோப்பில் 30 நொடிக்கு ஒரு பதிவு; அப்படியானால் ஒரு நாளைக்கு 2,880 பதிவுகள். நம் கைப்பேசி தன் இடத்தைக் கண்டுபிடிக்கக் கோள்களைப் பார்க்கிறது. இந்தத் தூண்களின் வேலை வேறு. தாம் நிற்கும் இடம் எது என்பது அவற்றுக்குத் துல்லியமாகத் தெரியும். ஆகவே அவற்றின் பதிவுகளிலிருந்து கோள்கள் எங்கே இருக்கின்றன, அவற்றின் கடிகாரங்கள் எவ்வளவு பிசகுகின்றன, இடையில் உள்ள காற்றில் ஈரம் எவ்வளவு என்பனவற்றைக் கணிக்கிறார்கள். அதைவிட வியப்பு, தூண் நிற்கும் தரையே நகர்வதும் அதே பதிவில் தெரிகிறது. பெங்களூரில் இந்திய அறிவியல் கழகத்தில் உள்ள நிலையம் ஆண்டுக்கு ஐந்து சென்டிமீட்டர் அளவில் வடகிழக்காகப் போய்க்கொண்டிருக்கிறது. நிலையத்தை யாரும் தூக்கிச் செல்லவில்லை. நிலம்தான் அதைச் சுமந்துகொண்டு போகிறது.

ரிசீவர் செய்யும் கம்பெனிகள் பல. ஒவ்வொன்றும் தனக்கென ஓர் எழுத்துமுறையில் பதிவுகளை வைத்துக்கொண்டிருந்தன. 1989-இல் ஐரோப்பா முழுவதையும் ஒரே சட்டகத்தில் அளக்க முனைந்தபோது நான்கு கம்பெனிகளின் அறுபதுக்கும் மேற்பட்ட ரிசீவர்கள் களத்தில் இருந்தன. அப்போது சுவிட்சர்லாந்தின் பேர்ன் பல்கலைக்கழக வானியல் கழகத்தில் வெர்னர் குர்ட்னர் முன்னின்று உருவாக்கிய பொது எழுத்துமுறைதான் ரைனெக்ஸ். இன்றுவரை உலகம் அதைத்தான் எழுதுகிறது. 1994 ஜனவரியில் முறைப்படி தொடங்கிய ஐ.ஜி.எஸ். என்னும் பன்னாட்டுச் சேவை அந்தக் கோப்புகளை உலகெங்கும் பரிமாறிக்கொள்ள வழிசெய்தது. 500-க்கும் மேற்பட்ட நிலையங்கள் அதில் சேர்ந்திருக்கின்றன. நாசாவின் கோடார்டு மையம், கலிஃபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கழகம், பிரான்ஸ், தென்கொரியா, சீனாவின் வூஹான், ஸ்பெயினில் உள்ள ஐரோப்பிய விண்வெளி முகமையின் மையம் எனப் பல இடங்களில் கிடங்குகள். இதில் எவரும் எவருக்கும் கூலி கொடுப்பதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவரவர் செலவில் அவரவர் தூணைப் பராமரித்து, பதிவுகளைப் பொதுவில் வைக்கிறார்கள். வழிகாட்டுதல் உண்டு, கட்டளை கிடையாது.

மாற்றுவழி பற்றி ஐரோப்பியர் செய்திருக்கும் ஏற்பாடு பாராட்டத் தக்கது. அவர்களுடைய நிரந்தர வலையமைப்பில் நானூறு அளவில் நிலையங்கள். அவற்றை ஒருங்கிணைக்கும் நடுவண் அலுவலகம் 1996 முதல் பிரஸ்ஸல்ஸில், பெல்ஜிய அரச வானாய்வகத்தில் இருக்கிறது. நாள்கோப்புகளும் மணிக்கோப்புகளும் சென்று சேர வட்டார மையங்கள் இரண்டு: ஜெர்மனியின் நில அளவை நிறுவனம் ஃபிராங்ஃபர்ட்டிலும், ஆஸ்திரியாவின் நில அளவை அலுவலகம் வியன்னாவிலும் நடத்துபவை. நொடிக்கு நொடி ஓடிவரும் நேரலைத் தரவுக்கோ பிரஸ்ஸல்ஸ், ஃபிராங்ஃபர்ட், இத்தாலியின் மத்தேரா என மூன்று ஒலிபரப்பிகள். ஒன்று விழுந்தால் மற்றதற்கு அனுப்பு என்பதல்ல இங்கே நெறி. எல்லா நாளும் எல்லாவற்றுக்கும் அனுப்பு என்பதுதான். இதன் அருமையை எளிதில் கடந்துவிடக் கூடாது. ஆபத்துக்கு மட்டும் திறக்கும் கதவு, ஆபத்து நாளில் துருப்பிடித்திருக்கும். நாள்தோறும் நடக்கும் பாதையில்தான் முள் முளைக்காது. மாற்றுவழிக்கான கடவுச்சொல் காலாவதியாகிப் போயிருப்பது, அதை அறிந்த ஒரே ஊழியர் ஓய்வு பெற்றுப் போயிருப்பது போன்றவை வேண்டாத நாளில்தான் தெரியவரும் என்று நண்பர் சொன்னார். நம் அலுவலகங்களில் தீயணைப்புக் குப்பிகளின் கதி தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தாமதம் எல்லோருக்கும் ஒரே அளவில் வலிப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நேரலையாக ஓடும் தரவு தவறினால் தவறியதுதான். வயலில் டிராக்டரை அந்தத் தரவால் ஓட்டுபவருக்குப் பத்து நிமிடம் கழித்து வந்து என்ன பயன்? ஐரோப்பிய வானிலைத் துறைகள் இந்த நிலையங்களைக் கொண்டு காற்றின் ஈரத்தை அறிந்து முன்னறிவிப்பில் சேர்த்துக்கொள்கின்றன. அவர்களுக்கு ஒன்றரை மணி நேரத்துக்குள் கணக்கு வந்தாக வேண்டும். ஐ.ஜி.எஸ். வெளியிடும் கோள்பாதைக் கணிப்புகளில் மிக விரைவானது நாளுக்கு நான்கு முறை வருகிறது, அடுத்தது மறுநாள், இறுதிக் கணிப்பு ஏறத்தாழ இரண்டு வாரம் கழித்து. சர்வர் ஒரு நாள் படுத்தால் முதலாவதுக்கு இழப்பு, மூன்றாவதுக்கு ஒன்றுமில்லை. ஆகவே நாள்கோப்பைப் பொறுத்தவரை அவசரமே இல்லை. ரிசீவரின் நினைவகத்தில் பதிவு பத்திரமாகக் கிடக்கும். சர்வர் எழும்வரை காத்திருந்து அனுப்பலாம். இவ்வளவு வசதி இருந்தும் தவறு நேர்வது நாள்கோப்பில்தான். அவசரமில்லாத காரியத்தில்தான் நாம் கவனத்தைத் தளர்த்துகிறோம் போலும்.

இங்கே நண்பர் காட்டிய ஒரு நுட்பம் நம்மைப் பெரிதும் கவர்ந்தது. ரைனெக்ஸின் மூன்றாம் பதிப்புக்குரிய கோப்புப் பெயர் நீளமானது. நிலையத்தின் பெயர், நாட்டின் குறி, ஆண்டு, நாள், கால அளவு என வரிசையாக வரும். நடுவில் ஓர் ஒற்றை எழுத்து. அது 'ஆர்' என்றிருந்தால் ரிசீவரின் நினைவகத்திலிருந்து நேரே எடுத்த பதிவு. 'எஸ்' என்றிருந்தால் இணையத்தில் ஓடிவந்த நேரலையைப் பிடித்து எழுதிய பதிவு. முன்னது ஏட்டைப் பார்த்து எழுதிய படி. பின்னது ஒருவர் படிக்க ஒருவர் கேட்டு எழுதிய படி. கேட்டு எழுதும்போது வண்டிச் சத்தத்தில் ஒரு சொல் விழுந்துவிடும் அல்லவா, அதுபோல இணைப்பு தடுமாறிய நொடிகளெல்லாம் நேரலைப் படியில் விடுபட்டிருக்கும். ஆனாலும் அது பயனற்றதல்ல. ரிசீவரே வெள்ளத்தில் போய்விட்டால் அதுவரை ஓடிவந்த நேரலைதான் மிச்சம். ஏடு போனபின் கேட்டு எழுதிய படிக்கு இருக்கும் மதிப்பு அதற்கும் உண்டு. முக்கியம் என்னவென்றால், எது எப்படி வந்தது என்று பெயரிலேயே சொல்லிவிடுகிறார்கள். எழுதியவன் எவனைப் பார்த்து எழுதினான் என்பதை ஏட்டின் நெற்றியிலேயே பொறித்திருந்தால் நம் பதிப்பாசிரியர்கள் எத்தனை இரவுகள் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள்!

ஆனால் அந்த ஒற்றை எழுத்து ஒன்றைச் சொல்லவில்லை. இது எத்தனையாவது திருத்தம் என்பது பெயரில் இல்லை. முதலில் அனுப்பியதும், பிழை நீக்கி மறுபடி அனுப்பியதும் ஒரே பெயரைத்தான் சுமக்கின்றன. புதியது வந்தால் பழையதன் மேல் எழுதிக்கொள் என்பது வழக்கம். எல்லா மையங்களும் எல்லா நேரமும் விழித்திருந்தால் இந்த வழக்கத்தில் குறையில்லை. ஒன்று ஒரு நாள் கண்ணயர்ந்தாலும் இரண்டு ஏடுகள் பிறந்துவிடுகின்றன. இரண்டும் ஒன்றுபோல் உடுத்தி ஒன்றுபோல் அழைக்கப்படுவதால் எவருக்கும் சந்தேகம் எழுவதில்லை.

மையங்களே ஒன்றையொன்று பார்த்து நகல் எடுத்துக்கொண்டால் போதாதா என்று கேட்டோம். அப்படியும் செய்கிறார்கள். ஆனால் கண்ணாடியைக் காப்பு என்று எண்ணக் கூடாது. கண்ணாடி நல்லதையும் காட்டும், கெட்டதையும் காட்டும். ஒரு மையத்தில் கோப்பு தவறுதலாக அழிந்தால், அதைப் பார்த்து நகலெடுப்பதும் பணிவோடு அழித்துவிடும். பிழையான படி முந்திக்கொண்டால் பிழைதான் பரவும். இதற்கு நேர்மாறான பேதைமையும் உண்டு. எல்லாவற்றையும் ஓரிடத்தில் வைத்துவிட்டு நகல் வேண்டாம் என்றிருப்பது. 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜோன் நகரில் அரசின் தரவு மையம் தீப்பற்றியது. அரசு ஊழியர்களின் கோப்புகள் இருந்த கிடங்கில் 858 டெராபைட் போயிற்று. அதற்கு வெளியே நகல் இல்லை. அளவு பெரிது, ஆகவே நகல் எடுக்கவில்லை என்று காரணம் சொன்னார்கள். அளவு பெரிது என்பது நகல் எடுப்பதற்கான காரணம் என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருந்தோம். நோக்கு நிலையக்காரர்கள் அந்தத் தவற்றைச் செய்யவில்லை. அவர்களுடைய நோய் வேறு. படிகள் பல, ஒத்துப் பார்ப்பவர் சிலர்.

பரிகாரம் கடினமா என்றால், இல்லை. ஒவ்வொரு கோப்பின் உள்ளடக்கத்திலிருந்தும் ஒரு சரிபார்ப்பு எண்ணைக் கணித்துவிடலாம். உள்ளே ஒரு புள்ளி மாறினாலும் எண் மாறிவிடும். பெயர் இருக்கிறதா என்று கேட்பதை விட்டு எண் ஒக்கிறதா என்று கேட்டால் போதும். முடங்கிய சர்வர் எழுந்ததும், முடங்கிய நாட்களுக்கு மட்டுமல்ல, அந்த நாட்களில் மறுபடி அனுப்பப்பட்ட பழைய நாட்களுக்கும் சேர்த்து மற்ற மையத்தோடு இந்த ஒப்பீட்டைச் செய்ய வேண்டும். இந்தப் பின்பாதியைத்தான் விட்டுவிடுகிறார்கள். நேற்று விழுந்த சர்வர் நேற்றைய கோப்பை மட்டும் இழந்தது என்று எண்ணுகிறார்கள். நம் மாணவியின் பதினொரு நாளும் சர்வர் விழித்திருந்த நாட்கள்! விழுந்தது பன்னிரண்டாம் நாளில். ஒப்பிட்டு வேறுபாடு கண்டபின் எதை மூலமாகக் கொள்வது என்ற கேள்விக்கு இயந்திரம் விடை சொல்லாது. பின்னால் வந்ததே சரி என்று கண்ணை மூடிக்கொண்டு கொள்ளவும் முடியாது. பின்னால் வந்தது, அவசரத்தில் நேரலையிலிருந்து செய்த குறைப்படியாகவும் இருக்கலாம். நிலையத்தின் குறிப்பேட்டை எடுத்து, ஆண்டெனா எந்த நாளில் மாறியது என்று ஒரு மனிதர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். பெரிய கணிப்பு மையங்கள் கோப்பின் தலைப்பைக் குறிப்பேட்டோடு ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் கணக்கைத் தொடங்கும். ஒரு கல்லூரியின் மூலையில் அமர்ந்திருக்கும் மாணவியின் மென்பொருளோ தலைப்பை வேதவாக்காக நம்பும். திறந்த தரவு அவருக்கும் உரியது என்று சொல்லிவிட்டு, ஒத்துப் பார்க்கும் பொறுப்பையும் அவர் தலையில் கட்டுவது நியாயமாகாது.

இன்னொன்று, விடுபாட்டை விடுபாடாகவே விட்டுவைக்கும் நேர்மை. சர்வரும் போய், ரிசீவரின் நினைவகமும் நிரம்பி வழிந்து, சில மணி நேரம் தொலைந்தே போனால், அது தொலைந்தது என்று எழுதி வைப்பதில் இழுக்கு ஒன்றுமில்லை. புறநானூற்றில் 267, 268-ஆம் பாடல்கள் நமக்குக் கிடைக்கவில்லை. அதற்காக 269-ஐ இழுத்து 267 என்று எவரும் எண் மாற்றவில்லை. எண்கள் நிற்கின்றன, பாட்டு இல்லை. பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் பத்தாம்பத்தும் இல்லை. ஆனாலும் அது பதிற்றுப்பத்துதான், எட்டுப்பத்து அல்ல. இழப்பின் இடத்தைக் காலியாக வைத்துக் காத்ததனால்தான் இழந்தது எது என்றாவது நமக்குத் தெரிகிறது. தரவுக்காரர்களுக்கும் இதே அறம்தான். வெற்று நேரத்தை அக்கம்பக்கத்து எண்களால் நிரவி வழவழப்பாக்கிய கோடு பார்ப்பதற்கு அழகாக இருக்கும்; நம்புவதற்கு ஆகாது.

இத்தனையும் நில அளவைக்காரர்களின் வீட்டுச் சச்சரவு என்று எண்ணுபவர்களுக்கு 2004 டிசம்பர் 26-ஐ நினைவூட்ட வேண்டியிருக்கிறது. அன்று காலை இந்திய நேரம் 6 மணி 28 நிமிடத்துக்குச் சுமத்ராவை ஒட்டிய கடலடி பிளந்தது. கால் மணி நேரத்தில் பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் சொன்ன முதல் அளவு 8.0. ஒரு மணி நேரம் கழித்து 8.5 என்றார்கள். 9 என்பது தெரியப் பல மணி நேரம் ஆயிற்று. 8-க்கும் 9-க்கும் இடையே ஆற்றலில் முப்பது மடங்கு வேறுபாடு. அலை நம் கரையை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் தொட்டது. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நெவாடா பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி பிளெவிட்டும் அவர் குழுவினரும் 2006-இல் ஒன்றைக் காட்டினார்கள். அன்று ஐ.ஜி.எஸ். நிலையங்கள் பதிந்த தரவில், நிலநடுக்கம் தொடங்கிய கால் மணி நேரம் வரையிலானதை மட்டும் எடுத்துக் கணக்கிட்டாலே அளவு 9.0 என்று வந்துவிடுகிறது. தூண்கள் நகர்ந்திருந்தன, பெங்களூர்த் தூணும் கிழக்கே ஒரு சென்டிமீட்டர் அளவில் நகர்ந்திருந்தது. பதிவும் இருந்தது. அது உரிய நேரத்தில் உரிய கைக்குப் போகும் வழிதான் இல்லை.

அந்த வழி இருந்திருந்தால் அத்தனை பேரும் பிழைத்திருப்பார்கள் என்று நாம் சொல்லவரவில்லை. அப்போது இந்தியப் பெருங்கடலுக்கென ஓர் எச்சரிக்கை அமைப்பே கிடையாது. ஹைதராபாதில் மையம் அமைந்தது 2007 அக்டோபரில். கரையில் சங்கு ஊத ஆள் இல்லாத இடத்தில் கணக்கு மட்டும் என்ன செய்யும்? ஆனால் இன்று கணக்கும் உண்டு, சங்கும் உண்டு. நேரலையை நம்பி எச்சரிக்கை விடும் முறைகள் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் வளர்ந்திருக்கின்றன. இத்தகைய இடத்தில் மாற்றுவழி என்பதன் பொருளே வேறு. நிலநடுக்கத்தை அளக்க வேண்டிய நிலையத்தின் மின்சாரத்தையும் தொடர்பையும் அறுப்பது அந்த நிலநடுக்கமேதான். 2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் ஓஷிகா நிலையம் 5.3 மீட்டர் பக்கவாட்டில் நகர்ந்து 1.2 மீட்டர் தாழ்ந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்களை இருபது கிலோமீட்டருக்கு ஒன்றாக நட்டு வைத்திருக்கும் நாடு அது. அங்கேயே அன்று பாதிப்பு மிகுந்த வட்டாரத்தில் மின்சாரமும் தொடர்பும் துண்டாயின. அருகிலுள்ளவை ஊமையாகும் நேரத்தில் தொலைவிலுள்ளவை பேச வேண்டும். அதற்குத் தரவு ஒரு நாட்டின் வேலிக்குள் நின்றுவிடக் கூடாது. அந்தமான் அதிர்ந்தால் சுமத்ராவின் தூணும், தாய்லாந்தின் தூணும், பெங்களூர்த் தூணும் ஒரே கணக்கில் வந்து சேர வேண்டும்.

இந்த இடத்தில் நமக்கு ஒரு மனக்குறை உண்டு. மாற்றுவழிகளில் மிகப் பழையதும் மிக மலிவானதும் எதுவென்றால், எவரும் எடுத்துச் செல்லும்படி வைப்பதுதான். யாரென்று கேளாமல் கொடுத்த காலத்தில், உலகின் எத்தனையோ பல்கலைக்கழகக் கணினிகள் தம் போக்கில் நகல் எடுத்து வைத்திருந்தன. திட்டமிடாத காப்பு அது. நாசாவின் தரவு மையம் 2020 அக்டோபர் 31-உடன் பெயர் கேளாத பழைய எஃப்.டி.பி. வாசலை மூடிவிட்டது, இன்று வலைத்தளம் வழியாக உள்ளே போகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். மறைக்குறி இல்லாத பழைய வாசல் பாதுகாப்பற்றது என்பது உண்மைதான்; பதிவு இலவசம் என்பதும் உண்மைதான். குறை சொல்வதற்கில்லை. ஆனாலும் கதவுக்கு ஒரு தாழ் போடும்போதெல்லாம் வெளியே தற்செயலாக உருவாகும் படிகள் சில குறைகின்றன என்பதைக் கணக்கில் எடுக்க வேண்டும். நம் நாட்டில் 2021 பிப்ரவரியில் வந்த புவிசார் தரவு நெறிமுறைகள் பல பழைய தடைகளைத் தளர்த்தின, வரவேற்கத் தக்கதே. ஆனால் நம் தரை நிலையங்களின் நேரலைச் சேவை இந்திய நிறுவனங்களுக்கு மட்டுமே என்றும் அதே நெறிமுறை சொல்கிறது. பாதுகாப்புக் காரணம் நமக்கும் புரிகிறது. கடல் அலைக்கு அந்த வேலி புரியுமா என்பதுதான் நம் ஐயம். கரையோர நிலையங்களில் ஒரு சிலவற்றையாவது பேரிடர்க் கணக்குக்கென அண்டை நாடுகளோடு நேரலையில் பகிர்ந்துகொள்ள ஒரு விதிவிலக்கு வேண்டும் என்பது நம் வேண்டுகோள்.

மாணவி தாம் எழுதிய அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போடவில்லை. வெள்ளத்தால் தரை தாழ்ந்த கதையை நீக்கிவிட்டு, தாழாத தரை ஏன் தாழ்ந்ததாகத் தெரிந்தது என்பதை அதே இடத்தில் எழுதினார். நண்பர் அதோடு நிற்கவில்லை. அவரிடம் ஆய்வு செய்யும் எவரும் இப்போது ஒவ்வொரு கோப்புக்கும் எதிரே, எந்த மையத்திலிருந்து, எந்தத் தேதியில் இறக்கியது, சரிபார்ப்பு எண் என்ன என்று மூன்று கட்டங்கள் நிரப்பியாக வேண்டும். "எந்தப் பதிப்பு, எந்த ஆண்டு என்று நீங்கள் உங்கள் பிள்ளைகளை வதைப்பதைப் பார்த்துத்தான் சார்" என்றார். அந்த ஆண்டின் மற்ற நாட்களையும் இரண்டு மையங்களிலிருந்தும் இறக்கி, மாலை நேரங்களில் எண்ணோடு எண் ஒத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நாம் இதை எழுதும்போது செப்டம்பர் வரை வந்திருக்கிறார்கள். இன்னும் இரண்டு நாட்களின் எண்கள் ஒக்கவில்லை.